'நேர்': விளக்கா, மெழுகுவர்த்தியா?
யூதர் இல்லச் சுடரேற்று வழக்கும் தமிழாக்கமும்

யூதர் வழக்கில் நாள் என்பது மாலையில் தொடங்குவது. எனவே ஓய்வுநாளும் திருநாளும் இல்லத்தில் ஏற்றப்படும் சுடரோடு பிறக்கின்றன. எபிரேயத்தில் இச்செயல் 'ஹத்லாக்கத் நேரோத்' எனப்படும். ஆங்கிலத்தின் வழி இதனைத் தமிழாக்குவோர் 'மெழுகுவர்த்தி ஏற்றுதல்' என எழுத முற்படுவது இயல்பே. ஆயினும் மூலச்சொல் வேறொரு பொருளைக் காட்டுகிறது.

'நேரோத்' என்பதன் ஒருமை 'நேர்'. (தமிழ் 'நேர்' என்பதனோடு இதற்கு எவ்வுறவும் இல்லை, ஒலியொப்புமை கொண்டு வேர் தேடுவோர் இங்கு ஏமாறுவர்.) விவிலிய எபிரேயத்தில் இச்சொல் எண்ணெய் அகலையே குறித்தது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், ஓய்வுநாள் பற்றிய பகுதியின் இரண்டாம் இயல் தகுந்த திரிகளையும் எண்ணெய்களையும் வரையறுக்கிறது. அங்கு மெழுகு விலக்கப்பட்ட எரிபொருள்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது! திரியைச் சுற்றி வார்த்த மெழுகுவர்த்திக்கு அவ்விலக்குப் பொருந்தாது எனப் பிற்கால உரைகாரர் கொண்டனர். ஐரோப்பாவில் மெழுகுவர்த்தி பரவியபின் சொல் நிலைத்தது, பொருள் மாறியது. தற்கால எபிரேயத்தில் 'நேர்' என்றால் மெழுகுவர்த்தியே. கொச்சி யூதர் இல்லங்களிலோ பித்தளைத் தொங்குவிளக்கில் எண்ணெயே எரிந்தது. அவ்விளக்கும் 'நேர்' என்பதனுள் அடங்கும். 'மெழுகுவர்த்தி' என்னும் பெயர்ப்பினுள் அடங்காது.

வினைச்சொல் இன்னும் நுட்பமானது. தோரா, கோயில் விளக்கைப் பற்றிக் கூறுமிடத்து 'மேலேறு' என்னும் பொருளுடைய வேரின் பிறவினையை ஆள்கிறது. அதாவது 'ஏறச் செய்'. சுடர் தானே மேலெழும்வரை பற்றவைக்கவேண்டும் என்பதால் இச்சொல் வந்தது என்பது 11ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷியின் விளக்கம். தமிழில் ஏறு : ஏற்று என்னும் தன்வினை பிறவினை இணை இதற்கு அப்படியே பொருந்துகிறது. தொடர்பற்ற இரு மொழிக் குடும்பங்கள் ஒரே உருவகத்தைக் கண்டிருக்கின்றன. இல்லத்தில் ஓதும் வாழ்த்துரையில் வரும் 'ஹித்லிக்' என்பது 'எரி' என்னும் வேரின் பிறவினை. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டலாகாது என்னும் விதியிலோ (யாத்திராகமம் 35:3) முற்றிலும் வேறொரு வேர் உள்ளது. இரண்டையும் 'கொளுத்து' எனப் பெயர்த்தால், ஏவப்பட்ட செயலும் விலக்கப்பட்ட செயலும் ஒரே சொல்லில் மோதும். வாழ்த்துரைக்கு 'ஏற்று', விலக்குக்கு 'மூட்டு' எனப் பகுத்தாள்வதே தக்கது.

இப்பகுப்புச் சடங்கைப் புரிந்துகொள்ளவும் தேவை. ஓய்வுநாளில் தீயைத் தொடுதலே கூடாது. ஆகவே விளக்கு ஞாயிறு மறைவதற்கு முன்பே, பல ஊர்களில் 18 நிமிடமும் எருசலேமில் 40 நிமிடமும் முன்னதாக, ஏற்றப்படும். திருநாளில் புதுத்தீ உண்டாக்கல் மட்டுமே விலக்கு. முன்னரே எரியும் சுடரிலிருந்து மற்றொன்றை ஏற்றலாம். இரண்டாம் இரவு அவ்வாறே செய்வர். 'ஏற்றலாம், மூட்டலாகாது' என்று தமிழில் நான்கு சொல்லாமல் இரண்டே சொல்லில் இது முடிகிறது.

இத்திஷ் மொழி வேறு வழி சென்றது. அதில் 'லிக்த் பென்ஷன்', அதாவது 'ஒளியை வாழ்த்துதல்'; செயலன்று, செயலோடு ஓதும் வாழ்த்தே பெயராயிற்று. 'பென்ஷன்' இலத்தீன் மூலமுடைய சொல்.

ஹனுக்கா விழாவின் எட்டு இரவுகளில் முதலிரவு ஒன்று, அடுத்து இரண்டு என 36 சுடர்கள் ஏற்றப்படும். ஓய்வுநாள் விளக்கு இல்லத்தார் பயன்கொள்வதற்குரியது. ஹனுக்கா விளக்கொளியில் படித்தலும் கூடாது, பார்க்க மட்டுமே உரிமை. ஆதலின் தனியே ஒரு சுடர் வைக்கப்படும். அதன் பெயர் 'ஷம்மாஷ்', ஏவலர் என்பது பொருள். 'துணைவிளக்கு' எனப் பெயர்த்தால் பொருள் நழுவும்; 'ஏவல்விளக்கு' ஏற்கத்தக்கது. ஒன்பது சுடர்த்தாங்கியை 'மெனோரா' என்பதும் பொதுவழக்கே. எனினும் கோயிலில் இருந்த ஏழுகிளை விளக்கிலிருந்து வேறுபடுத்தத் தற்கால எபிரேயம் 'ஹனுக்கியா' என்கிறது.

சடங்குரைகளில் 'விளக்கு' எனவும், மேசைமீது வெண்வர்த்திகள் எரிவதைக் கதை வருணிக்குமிடத்தில் 'மெழுகுவர்த்தி' எனவும் ஆளலாம். 'திருவிளக்கு' மட்டும் வேண்டா. அச்சொல் விளக்கையே வழிபடுபொருளாக்கும். இங்கு வாழ்த்தப்படுவது விளக்கன்று, அதனை ஏற்றுமாறு பணித்த இறைவன்.