புகைபோக்கியில் புகை திரும்புவது ஏன்?

திண்டுக்கல் வட்டாரத்தில் சமையல் எரிவாயு இன்று பல வீடுகளை எட்டிவிட்டது. ஆயினும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், நூலுக்குச் சாயம் காய்ச்சவும் விறகடுப்பு வேண்டியே இருக்கிறது. புகைபோக்கி வைத்தும், ஆடிக் காற்று வீசத் தொடங்கியதும் புகை வீட்டினுள்ளேயே திரும்புகிறதென்று அங்கத்தினர் பலர் நம்மிடம் கூறுவதுண்டு. தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் உள்ள இல்லத்தில் இது சிறு தொல்லையன்று. வெள்ளைப் பாவின்மீது கரி படிந்தால் சேலையின் விலை குறையும். அதனினும் பெரிது, அடுப்படியில் நிற்கும் பெண்மக்களின் கண்ணும் நெஞ்சும் கெடுவது.

புகையில்லா அடுப்பு நமக்குப் புதியதன்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு 1953-ஆம் ஆண்டிலேயே இதுபற்றி நூல் எழுதினார். 1980-களில் மத்திய அரசு தேசியத் திட்டமொன்றை வகுத்து நாடெங்கும் இத்தகைய அடுப்புகளைப் பரப்பிற்று. 2002-ல் அத்திட்டம் முடிவுற்றது. பல இல்லங்களில் அடுப்பு நிலைக்காமற்போனதற்குக் குழாயைச் சரிவர அமைக்காததும், பின்னர்த் துடைக்காததும் முக்கிய காரணங்களாகும்.

புகை மேலெழுவது எதனால்? சூடேறிய காற்று இலேசாகிறது. 30 பாகைச் சூட்டில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ, 150 பாகையில் சுமார் 0.83 கிலோ. இவ்வேறுபாடே இழுப்பைத் தருகிறது. ஆனால் 3 மீட்டர் உயரக் குழாயில் இந்த இழுப்பு, 1 மில்லிமீட்டர் நீரின் அழுத்தத்திற்கு மேற்படாது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று நேரே மோதினாலும் ஏறக்குறைய அதே அழுத்தம் உண்டாகும். ஆகவே, காற்று குழாயின் வாயில் கீழ்நோக்கி அழுத்துமாயின் புகை தோற்றுத் திரும்புவதில் வியப்பில்லை.

இனி, கவனிக்க வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, உயரம். முகட்டைக் கடந்து வரும் காற்று மறுபுறத்தில் சுழன்று இறங்கும். குழாயின் வாய் அச்சுழலுக்குள் இருத்தலாகாது. கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடி தூரத்திற்குள் உள்ள முகடு, மாடிச்சுவர் ஆகியவற்றினும் 2 அடி உயர்ந்திருத்தல் நன்று. அருகில் தழைத்த புளியோ வேம்போ இருப்பின் குழாயை வேறு புறம் அமைக்கலாம்.

இரண்டாவது, தொப்பி. மழையைத் தடுக்கும் மூடி வாயை நெருக்கி அடைக்கக்கூடாது. ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று, ஐப்பசியில் வாடை என நம் ஊரில் காற்றின் திசை மாறுவதால், ஒரு பக்கம் மட்டும் திறந்த மூடி பயன்படாது. நாற்புறமும் திறந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, குழாயின் போக்கு. நேராக நிற்பதே சிறப்பு. படுக்கைவாட்டமும் வளைவுகளும் இழுப்பைக் குறைக்கும். மூட்டுகளிலுள்ள வெடிப்பை மண்ணோ சாந்தோ இட்டு அடைக்க வேண்டும். பாத்திரம் வையாத அடுப்புக்கண்ணை மூடிவைக்க வேண்டும். இன்றேல் குளிர்ந்த காற்று உட்புகுந்து குழாயின் சூட்டைக் குறைக்கும்.

நான்காவது, அறையின் காற்று. வெளியேறும் புகைக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். கதவு சன்னல் யாவும் அடைத்தால், குழாயே காற்று வரும் வழியாகிவிடும்.

ஐந்தாவது, கரி. அடியில் துடைப்பதற்கெனச் சிறு திறப்பு விட்டு, மாதம் ஒருமுறையேனும் கரியை அகற்ற வேண்டும்.

விடியற்காலையில் குழாய் குளிர்ந்திருக்கும். விறகு மூட்டுமுன் ஊதுவத்தியை அடுப்பு வாயருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே சென்றால் குழாய் இழுக்கிறது; முகத்தை நோக்கி வந்தால், அடித்திறப்பில் காய்ந்த ஓலை சிறிது எரித்துக் குழாயைச் சூடாக்கிய பின் மூட்டுக.

இரண்டு எச்சரிக்கைகள். ஓலைக் கூரையை ஊடுருவிக் குழாய் வைத்தல் தீ விபத்திற்கு இடமாகும். ஓட்டுச் சாய்ப்பின்கீழ் அடுப்பை அமைப்பதே தக்கது. மேலும், தணல் கனியும்போது வெளிப்படும் கரியமில நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகை தெரியவில்லையென்று சாயப் பட்டறையை மூடிவிட்டு உறங்குதல் உயிருக்கே ஆபத்து.

ஒரு தெருவினர் ஒன்றுகூடிக் குழாய்களை மொத்தமாக வாங்கி, பழகிய கொத்தனார் ஒருவரைக் கொண்டு அமைத்தால் செலவு குறையும், வேலையும் ஒழுங்குபெறும். அடுத்த ஆடிக்கு முன் இதனைச் செய்து முடிப்போமாக.