37.8-ல் ஒரு சதம்

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ்ப் பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கத்தைவிட முதல் பக்கத்தில்தான் சதங்கள் அதிகம். எந்தெந்த ஊரில் வெயில் சதம் அடித்தது என்று ஒரு பட்டியலே வரும். வேலூரும் திருத்தணியும் பெரும்பாலும் அதன் மேல்வரிசையில் இருக்கும். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கு இரண்டுமே பக்கத்து ஊர்கள்தான். 102.2 என்று படித்து முடித்துவிட்டுச் சட்டைப்பையில் இருக்கும் செல்போனை எடுத்தால், அது 39 என்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழக மாணவன் ஏ.சி.யை 24-ல் வைத்திருக்கிறான். ஏனாத்தூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா, ராத்திரி முழுக்க நூத்தியொண்ணு அடித்தது என்கிறார்.

நாம் இரண்டு அளவுகோல்களில் ஒரே நேரத்தில் குடியிருக்கிறோம். வெளி வெயிலும் உடம்புச் சூடும் ஃபாரன்ஹீட். ஏ.சி., செல்போன், பள்ளிப் பாடம் எல்லாம் செல்சியஸ். பழக்கத்தில் இது யாருக்கும் உறுத்துவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் கால் இடறுகிறது.

முதலில் அந்தச் சதத்தையே பார்த்துவிடலாம். வானிலை ஆய்வு மையம் அளப்பது செல்சியஸில். அதுவும் வெயிலில் அல்ல, நிழலில். வெள்ளை அடித்த, சட்டம் சட்டமாகக் காற்றுப் புக வழிவிட்ட மரப்பெட்டிக்குள் வெப்பமானி இருக்கும். அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. பெட்டிக்குள் இருக்கும் கருவியில் பத்தில் ஒரு டிகிரி வரை பார்த்துக் குறிக்கிறார்கள். பத்திரிகை அலுவலகம் அந்த எண்ணை 1.8 ஆல் பெருக்கி 32 சேர்த்து அச்சுக்கு அனுப்புகிறது.

37.8 டிகிரி செல்சியஸ் என்றால் 100.04. சதம்! 37.7 என்றால் 99.86. அந்த ஊர் பட்டியலிலேயே வராது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பத்தில் ஒரு டிகிரி. எந்தத் தோலும் அந்த வித்தியாசத்தை உணராது, எந்தப் பயிரும் அதனால் கூடுதலாக வாடாது. பட்டியலில் வரும் ஃபாரன்ஹீட் எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவற்றின் பிறப்பிடமும் தெரிந்துவிடும். 100.04, 100.22, 100.4 என்று 0.18, 0.18 ஆகத்தான் ஏறும். ஒரு தசமத்துக்குச் சுருக்கினாலும் 100.0-க்கு அடுத்தது 100.2 தான். 100.1 என்ற வெயில் தமிழ்நாட்டில் அடிக்கவே முடியாது!

இந்த 100 எங்கிருந்து வந்தது? டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் 1686-ல் டான்சிக் நகரில் பிறந்தவர். இன்று அது போலந்தின் கடான்ஸ்க். நெதர்லாந்தில் கருவி செய்து பிழைத்தார். 1714-ல் பாதரச வெப்பமானியைச் செய்தார். 1724-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் தன் அளவுகோலை விளக்கினார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் கலந்த கலவையின் குளிர் 0. வெறும் பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்தது 32. நல்ல உடல்நலத்தோடு இருப்பவரின் வாயிலோ அக்குளிலோ வைத்தால் 96.

32, 96 என்றெல்லாம் ஏன் இப்படி முரட்டு எண்கள் என்று பள்ளியில் எல்லோருக்குமே எரிச்சல் வந்திருக்கும். கழித்துப் பாருங்கள்: 64. கண்ணாடிக் குழாயில் இரண்டு புள்ளிகளைக் குறித்துவிட்டால், நடுவை நடுவைப் பார்த்து ஆறு முறை பாதியாக்கினால் 64 சம பாகம் வந்துவிடும். பத்தாகப் பிரிப்பதைவிடப் பாதியாக்குவது கைவினைஞருக்கு எளிது. நம் தாத்தாக்களிடம் சொல்லியிருந்தால் உடனே தலையாட்டியிருப்பார்கள். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என்று ஆறு படி இறங்கினால் கால்வீசம் என்பது 64-ல் ஒன்றுதான். அவர்கள் கையில் இருந்த ரூபாயும் அப்படிப்பட்டதே. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு பைசா, ஆக 64 பைசா.

ஸ்வீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-ல் முன்வைத்த அளவுகோல் நூறு பாகம் கொண்டது. ஆனால் தலைகீழ்! தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. அவர் 1744-ல் இறந்துபோக, அடுத்த சில ஆண்டுகளுக்குள் அதைத் திருப்பி வைத்துவிட்டார்கள். பிரான்சின் லியோன் நகரில் ஜான் பியேர் கிறிஸ்தான் என்பவர் 1743-லேயே இப்போதைய திசையில் ஒன்று செய்திருந்தார். பெரியவர்கள் ‘சென்டிகிரேடு’ என்று படித்த அந்த அளவுக்குச் செல்சியஸ் என்ற பெயர் உலக அளவில் முடிவானது 1948-ல்தான்.

நம் ஊரில் 64 போய் 100 வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவை யார் விடுவது என்று கடைக்குக் கடை தகராறு வருவதற்கு இது போதாதா? அதற்கு முந்தைய ஆண்டு வந்த எடை, அளவுச் சட்டம் படியையும் பலத்தையும் கெஜத்தையும் மெல்ல மெல்ல ஓரங்கட்டியது. நாலணா மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. 2011 ஜூன் 30-ல் 25 பைசா செல்லாததாகும்வரை அந்த நாணயத்தை நாலணா என்றே கூப்பிட்டோம். ஃபாரன்ஹீட் வெயிலும் அந்த நாலணா மாதிரிதான். சட்டத்தில் இல்லை, வாயில் இருக்கிறது.

ஏட்டிலும் இருக்கிறது என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கிந்திய கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தில், ஜான் கோல்டிங்ஹாம் காலத்தில், 1796 முதல் தொடர்ந்து வானிலைக் குறிப்பு எடுத்தார்கள். சென்னையின் மிகக் குறைந்த வெப்பநிலை என்று இன்று நாம் படிப்பது 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பர் 11-லும், மறுபடி 1905 ஜனவரி 29-லும் பதிவானது. இரண்டு தடவையும் அச்சாக ஒரே தசமம்? 13.9-ஐத் திருப்பிப் போட்டால் 57 ஃபாரன்ஹீட் வருகிறது. அன்றைய ஏட்டில் இருந்திருக்கக்கூடிய முழு எண் அது. நாம் அதைச் செல்சியஸாக்கியபோது, அந்தப் புள்ளி ஒன்பது வந்து ஒட்டிக்கொண்டது. மறுமுனையில், 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ். பத்திரிகைக் கணக்கில் 113.

மாற்றும் வழி பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் நின்றுகொண்டு ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுக்க யாருக்குப் பொறுமை? செல்சியஸை இரட்டியாக்குங்கள். அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 32 சேருங்கள். 35 என்றால் 70, அதில் 7 போக 63, ஆக 95. இது தோராயம் அல்ல, துல்லியமான விடை. திரும்பி வருவதற்கு 32-ஐக் கழித்துப் பாதியாக்கி, அந்தப் பாதியின் ஒன்பதில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். ஒன்பதால் வகுபடாவிட்டால் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தாலும் நம் ஊர் வெயிலுக்கு அரை டிகிரிகூடப் பிசகாது. மனப்பாடக்காரர்களுக்குப் பத்துக்குப் பதினெட்டு: 10-க்கு 50, 20-க்கு 68, 30-க்கு 86, 40-க்கு 104. இன்னொரு வேடிக்கை: 16-ஐத் திருப்பி எழுதினால் 61, 28-ஐத் திருப்பினால் 82. கிட்டத்தட்ட அதுவே விடை.

எனக்குப் பிடித்த வழி வேறு. இரண்டு அளவுகோலும் −40-ல் ஒன்றாகின்றன. அதனால் எந்தப் பக்கம் போனாலும் முதலில் 40-ஐக் கூட்டு, 1.8 ஆல் பெருக்கு அல்லது வகு, கடைசியில் 40-ஐக் கழி. 32-ஐ முன்னால் கழிப்பதா பின்னால் சேர்ப்பதா என்ற குழப்பமே இல்லை. ஆனால் ஃபாரன்ஹீட்டின் பாதரசக் கருவியை வைத்து அந்தச் சந்திப்பைப் பார்க்க முடியாது. பாதரசம் −38.8 செல்சியஸிலேயே உறைந்துவிடும்.

இதெல்லாம் கணக்கு. உண்மையான பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. சமவெளியில் ஓர் ஊரில் அதிகபட்ச வெப்பநிலை 40 செல்சியஸைத் தொட்டு, அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் அதை வெப்ப அலை என்கிறது இந்திய வானிலைத் துறை. கடலோரத்துக்கு 37, மலைப்பகுதிக்கு 30. இந்த 4.5-ஐ ஃபாரன்ஹீட்டாக்கச் சொல்லிச் செல்போன் செயலியில் தட்டினால் 40.1 என்று வரும். ‘இயல்பைவிட 40 டிகிரி அதிகம்’ என்று எழுதினால் ஊரே வெந்து போயிருக்க வேண்டும். சரியான விடை 8.1. ஏனென்றால் 4.5 என்பது இங்கே ஒரு வெப்பநிலை அல்ல, இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. இடைவெளியை மாற்றும்போது 1.8 ஆல் பெருக்கினால் போதும், 32-க்கு அங்கே வேலையில்லை. பூமியின் சூடு ஏறுவது 1.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்ற பாரிஸ் ஒப்பந்தத்தின் எண்ணும் அப்படியே. அது 2.7 ஃபாரன்ஹீட், 34.7 அல்ல. செயலிக்கு எண்தான் தெரியும், எதற்கான எண் என்று தெரியாது.

வெப்ப அலை எல்லைகளையே ஃபாரன்ஹீட்டில் எழுதிப் பாருங்கள். சமவெளிக்கு 104, கடலோரத்துக்கு 98.6. சதம் இரண்டிலும் இல்லை. சென்னைக்காரருக்கு வெப்ப அலையின் வாசல் சதத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. காஞ்சிபுரத்துக்காரருக்கு அது சதத்தைத் தாண்டி நாலு டிகிரி தள்ளி இருக்கிறது. மே மாதத்தில் வேலூர் 101 என்றால் அங்கே யாரும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அதே 101 பிப்ரவரியில் வந்தால் விசாரிக்க வேண்டிய சங்கதி. பட்டியலில் ஊருக்குப் பக்கத்தில் அன்றைய இயல்பு எவ்வளவு என்று இன்னொரு பத்தி சேர்த்துவிட்டால், சதத்தைத் தலைப்பில் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

98.6 என்றதும் காய்ச்சல் ஞாபகம் வந்திருக்கும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் சுமார் 25,000 பேரின் உடல் வெப்பத்தைப் பார்த்து 1868-ல் புத்தகம் எழுதினார். அவர் சொன்ன இயல்பான அளவு 37 செல்சியஸ். முழு எண். பெருக்கிக் கூட்டியதும் 98.6 ஆனது. அந்தப் புள்ளி ஆறு யாரும் அளந்து கண்டுபிடித்தது அல்ல, கணக்கு போட்டதில் விழுந்தது. அதைப் போய் நாம் கோடு கிழித்த மாதிரி நம்பி, 99 என்று காட்டினாலே குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம். 1992-ல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமானவர்களை அளந்து பார்த்தபோது சராசரி 36.8 தான் வந்தது, அதாவது 98.2. காலையில் குறையும், மாலையில் ஏறும், ஆளுக்கு ஆள் மாறும். காய்ச்சல் என்று மருத்துவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வது 38 செல்சியஸ். வீட்டு மொழியில் 100.4.

கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டி ‘முப்பத்தாறரை’ என்றபோது பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. 97.7 என்று சொல்லியிருந்தால் பேசாமல் உள்ளே போயிருப்பார்கள். இப்போது வீட்டுக்கு வீடு இருக்கும் டிஜிட்டல் வெப்பமானி பலவற்றில் அளவுகோலை மாற்றும் வசதி உண்டு. குழந்தை கை பட்டு அது மாறிவிட்டால் நடு ராத்திரியில் 38.9 என்று காட்டும். இரட்டி 77.8, பத்தில் ஒரு பங்கு போக 70, ஆக 102. மாத்திரையைத் தேட வேண்டிய நேரம்.

அக்குளில் வைத்து அளந்துவிட்டு ‘ஒரு டிகிரி கூட்டிக்கோ’ என்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அது ஃபாரன்ஹீட் காலத்து ஒரு டிகிரி. செல்சியஸ் காட்டும் கருவியில் அதே ஒன்றைக் கூட்டினால், கிட்டத்தட்ட இரண்டு டிகிரி கூட்டியதாகிவிடும். கூட்டாமல், கருவி காட்டிய எண்ணையும் எங்கே வைத்து அளந்தோம் என்பதையும் அப்படியே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

காஞ்சிபுரத்துப் பட்டுக்காரர்களுக்கு இந்த அளவுகோல் சண்டை கிடையாது. கோறாப் பட்டில் ஒட்டியிருக்கும் பிசினைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் எடுக்க வேண்டும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 90-லிருந்து 95 செல்சியஸ் வரை. கொதித்துத் தளபுளவென்று புரண்டால் இழை சிக்கிக்கொண்டு பஞ்சாகிவிடும். பழைய சாயக்காரர்களுக்கு ஆவியும் குமிழியும் கைப்பதமுமே வெப்பமானி. 203 ஃபாரன்ஹீட் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. ரசாயனச் சாயம் வந்தபின் பட்டறைக்குள் நுழைந்த எண்களோ செல்சியஸாகவே நுழைந்தன. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலையை வெயில் ஏறுமுன் விடியற்காலையில் முடித்துக்கொள்வார்கள். அன்றைக்குச் சதமா இல்லையா என்பது மறுநாள் பத்திரிகையில்தான் தெரியும், பாவுக்கு அது தேவையில்லை.

ஃபாரன்ஹீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய நாடு இப்போது அமெரிக்கா ஒன்றுதான். சிகாகோவில் இருக்கும் மகன் நவம்பரில் போன் செய்து இங்கே 40 டிகிரி, குளிர் தாங்கவில்லை என்றால், செல்போனில் செல்சியஸ் பார்த்துப் பழகிய தங்கைக்குச் சிரிப்பு வரும். அவனுடைய 40 நமக்கு 4.4. அம்மா பத்திரிகையைப் பார்த்து இங்கே நூத்திநாலு என்றால் மட்டும் அவனுக்கு உடனே புரிந்துவிடும். வேலூர் வெயில் பட்டியலை விளக்கம் கேட்காமல் படிக்கக்கூடிய வெளிநாட்டுத் தமிழன் அமெரிக்காவில்தான் இருக்கிறான். சிங்கப்பூர் சித்தப்பாவுக்கும் கொழும்பு உறவினருக்கும் அந்த நூத்திநாலைக் கணக்கு போட்டுத்தான் சொல்ல வேண்டும். 32 போக 72, அதில் பாதி 36, ஒன்பதில் ஒரு பங்கு 4. நாற்பது சித்தப்பா, நாற்பது!