கல்லான மரமும் கரியான மரமும்

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள திருவக்கரைக்கு நீங்கள் சென்றதுண்டா? வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வருவோரில் பலர், அருகிலுள்ள கல்மரப் பூங்காவைப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்துவரும் இடம் அது. அங்கே செம்மண் தரையில் அடிமரங்கள் கிடக்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் வெட்டிப் போட்ட மரங்களே! தட்டிப் பார்த்தால் கல்!

இவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. கிளையும் வேரும் இல்லாததால், வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அது மண்ணிலிருந்து வந்ததன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு, சூரிய ஒளியின் துணையால் இலைகள் சமைத்த உணவிலிருந்து வந்தது. அப்படியானால் திருவக்கரை மரங்களின் கார்பன் எங்கே போயிற்று?

மணலின் ஊடே ஊறிய நீர், தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை மரத்தின் நுண்ணறைகளில் படியச் செய்தது. மரப்பொருள் சிறிது சிறிதாகச் சிதைந்தது. அதன் கார்பனில் பெரும்பகுதி நீரிலும் காற்றிலும் கலந்தது. உருவம் மட்டும் கல்லில் நின்றது. வெளியேறிய கார்பன் வேறு இலைகளுக்குள் புகுந்திருக்கும். கடலில் கரைந்து சிப்பியின் ஓடாகவும் ஆகியிருக்கும். இதுவே கார்பன் சுழற்சி.

இனி, விழுப்புரத்தைக் கடந்து தெற்கே நெய்வேலிக்கு வாருங்கள். இங்கும் பழங்காலத் தாவரங்கள் புதைந்தன. ஆனால் சதுப்பு நீரில் அமிழ்ந்தன. அந்நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே அவை முழுவதும் மக்கவில்லை. மேலே மண் படிந்து அழுத்த, கார்பன் தங்கிப் பழுப்பு நிலக்கரியாயிற்று.

1962-இல் நெய்வேலி அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோடிக்கணக்கான ஆண்டுகள் உறங்கிய கார்பன், கொதிகலனில் நொடிப்பொழுதில் காற்றுக்குத் திரும்புகிறது. 12 கிலோ கார்பன் எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகும். உலகெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்பட்டதன் விளைவு என்ன? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

நாம் வெளியிடுவதில் ஏறக்குறையப் பாதியைக் கடலும் காடும் மண்ணும் ஏற்றுக்கொள்கின்றன. மீதி காற்றில் தங்கிப் பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. இயற்கையின் சுழற்சி நின்றுவிடவில்லை. நம் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இன்றிரவு தேவையற்று எரியும் ஒரு விளக்கை அணையுங்கள். நெய்வேலியில் ஒரு பிடி கரி, இன்னும் சிறிது காலம் உறங்கட்டும்.