தடித்த எழுத்து: கண்ணுக்கு ஒரு கைகாட்டி

வங்கியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தைப் பிரித்தவுடன் அதை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவோர் நம்மில் குறைவு. கறுத்துத் தடித்துத் தெரியும் எழுத்துகளிலேயே கண் முதலில் சென்று நிற்கிறது. செலுத்த வேண்டிய தொகையும் இறுதி நாளும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அவற்றை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைப்பவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் 'போல்டு' என்றும், நம் பேச்சுவழக்கில் 'கொட்டை எழுத்து' என்றும் வழங்கும் இத்தடித்த எழுத்து எதற்காகத் தோன்றியது, அதை நம் கடிதங்களில் எவ்வாறு கையாளுவது, பிறர் கையாளும்போது எவ்வாறு படிப்பது என்பவற்றை இங்கே காண்போம்.

தோன்றிய வரலாறு

ஐரோப்பிய அச்சுக்கலையில் தடித்த எழுத்துக்கு முன்பே வந்தது சாய்வெழுத்து. 1501-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பவரின் அச்சகம் அவ்வெழுத்தில் முழு நூலையே அச்சிட்டது. ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்ட அதைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னரே வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரத்து விளம்பரத் தாள்களில் மிகப் பருத்த எழுத்துகள் தோன்றின. ஆனால் அவை சுவரொட்டிக்குப் பொருந்தினவேயன்றி, நூலின் வரிக்குள் அடங்கவில்லை.

1845-இல் லண்டனின் ஃபான் ஸ்ட்ரீட் வார்ப்பகத்தைச் சேர்ந்த ராபர்ட் பெஸ்லி 'கிளாரண்டன்' என்னும் எழுத்துருவை வெளியிட்டார். இயல்பான எழுத்துக்கு அருகிலேயே, அதே வரியில், சற்றுத் தடித்து நிற்கும்படி அது அமைந்திருந்தது. அகராதிகள் போன்ற நூல்களில் அது பெரிதும் பயன்பட்டது. பக்கம் முழுவதையும் படிக்காமலேயே வேண்டிய சொல்லைக் கண்டுபிடிக்க அது உதவியது. இன்றும் தடித்த எழுத்தின் முதன்மையான பணி இதுவே.

காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று

ஓர் ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'ஐ டிட் நாட் டெல் ஹிம் தி பின்.' அவரிடம் நான் பின் எண்ணைச் சொல்லவில்லை என்பது இதன் பொருள். இதில் 'ஐ' என்பதை அழுத்தினால், சொன்னவர் வேறொருவர் என்ற குறிப்புத் தோன்றும். 'ஹிம்' என்பதை அழுத்தினால், வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறோம் என்றாகும். 'பின்' என்பதை அழுத்தினால், சொன்னது வேறு ஏதோ ஒன்று என்றாகும். சொற்களும் அவற்றின் வரிசையும் மாறாமலே பொருள் மாறிவிடுகிறது.

தமிழில் இவ்வேலையைச் செய்ய ஏகாரமும் 'தான்' என்னும் சொல்லும் இருக்கின்றன. சொற்களை இடம் மாற்றவும் முடியும். 'பின் எண்ணை அவரிடம் சொன்னது நானல்ல' என்றால் ஐயத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்தில் சொல்வரிசை நெகிழ்வு குறைந்தது. ஆகவே பேச்சில் குரலும், எழுத்தில் எழுத்துருவும் அந்தச் சுமையை ஏற்கின்றன.

இவ்வாறு குரலின் அழுத்தத்தைக் காட்ட ஆங்கில நூல்கள் பெரும்பாலும் சாய்வெழுத்தையே பயன்படுத்துகின்றன. படித்துக்கொண்டு வரும்போதுதான் சாய்வெழுத்தின் அழுத்தம் நமக்குப் புலப்படும். தடித்த எழுத்தோ படிக்கத் தொடங்கும் முன்பே கண்ணில் பட்டுவிடும். அதன் வலிமையும் அதனால் வரும் ஆபத்தும் இதிலேயே அடங்கியிருக்கின்றன.

நம் கடிதத்தில்

நம் கணக்கிலிருந்து நாம் செய்யாத ஒரு மின்னணுப் பரிவர்த்தனையில் பணம் போய்விட்டதாகக் கொள்வோம். முதலில் வங்கியின் உதவி எண்ணில் தெரிவித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறோம். பதற்றத்தில் மடல் முழுவதையும் தடித்த எழுத்திலோ, எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்திலோ அடித்துவிடுவது பலருக்கு இயல்பு. ஆனால் எல்லாமே தடித்திருந்தால் எதுவும் தனித்துத் தெரியாது. பெரிய எழுத்துகளில் எழுதிய கடிதம் கூச்சலிடுவதுபோலவும் தோன்றும்.

இத்தகைய மடலில் நாளே முதன்மையானது. வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் மூன்றாம் தரப்பினரின் மீறலால் பணம் பறிபோனால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளர் இழப்பை ஏற்க வேண்டியதில்லை என 2017-இல் இந்திய ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. எனவே பரிவர்த்தனை நடந்த நாள், நாம் தெரிவித்த நாள், தொகை ஆகிய மூன்றும் தடித்திருந்தால் போதும்.

'உடனடியாக' என்பதைத் தடிமனாக்குவதைவிட, எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என எழுதி அந்நாளைத் தடிமனாக்குவது பயன் தரும். தடித்த எழுத்து, அடிக்கோடு, பெரிய எழுத்து ஆகிய மூன்றையும் ஒரே சொல்லின்மேல் ஏற்ற வேண்டியதில்லை. கணினியில் வேண்டிய சொல்லைத் தேர்ந்து, 'கன்ட்ரோல்' விசையுடன் 'பி' விசையை அழுத்தினால் அது தடித்துவிடும். மடல் முழுவதையும் எழுதி முடித்த பிறகு இதைச் செய்வது நல்லது. எது முக்கியம் என்பது அப்போதுதான் நமக்கே தெளிவாகும்.

பிறர் எழுதியதைப் படிக்கும்போது

தடித்த எழுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுமேயன்றி, பார்ப்பது முழுமையானதா, உண்மையானதா என்று சொல்லாது. கடன் விளம்பரம் ஒன்றில் வட்டி விகிதம் தடித்திருக்கும். அதை ஒட்டி 'முதல்' என்னும் சொல் மெலிந்து நிற்கும். அவ்விகிதம் எல்லோருக்கும் உரியதல்ல என்பதை அம்மெலிந்த சொல்லே கூறுகிறது. பரிசீலனைக் கட்டணமும் முன்கூட்டியே அடைப்பதற்கான நிபந்தனையும் இயல்பான எழுத்தில் இருக்கக்கூடும்.

இதற்குத் துணையாக ஓர் ஆவணம் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக அனுமதிக்கப்படும் சில்லறைத் தவணைக் கடன்கள் அனைத்துக்கும், சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியுடன் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கடன் பெறுபவர் புரிந்துகொள்ளும் மொழியில் அதை எழுத வேண்டும். ஏழு நாட்களோ அதற்கு மேலோ கால அளவுள்ள கடனாயின், அதைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசம் உண்டு. ஆங்கிலத்தில் தயக்கம் இருப்பின், தமிழில் கேட்டுப் பெறலாம்.

மோசடிச் செய்திகளும் தடித்த எழுத்தையே நம்பியிருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் அது தடித்துவிடும். இதற்கு எந்த அதிகாரமும் தேவையில்லை. 'இன்றிரவு கணக்கு முடக்கப்படும்' என்பது தடித்த எழுத்தில் வந்தாலும், அனுப்பியவர் யார், எந்த இணைப்பை அழுத்தச் சொல்கிறார் என்பவை மெலிந்த எழுத்திலேயே இருக்கும். அவற்றை முதலில் பார்ப்போம். ஏமாந்து பணம் இழந்திருந்தால், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிப்போம்.

கையொப்பமிடும் முன் ஒரு முறை ஆவணத்தின் தடித்த சொற்களைப் படிப்போம். மறுமுறை அவற்றுக்கு இடையில் உள்ளவற்றைப் படிப்போம். நம் கையொப்பம் இரண்டுக்கும் சேர்த்தே இடப்படுகிறது.