சாவை வெல்ல ஒரு மூலிகை!
மருந்துவாழ் மலை முதல் நெய்யூர் ஆஸ்பத்திரி வரை

சாவு என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை? அரசனும் பயந்தான், ஆண்டியும் பயந்தான். சாகாமல் இருக்க ஏதாவது மருந்து உண்டா என்று மனிதன் ஆதிகாலம் முதல் தேடி வருகிறான்.

அந்தத் தேடலுக்குக் குமரி மாவட்டத்தில் ஒரு மலையே சாட்சி. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் வழியில், பொற்றையடி ஊர் அருகே அது நிற்கிறது. அதன் பெயர் மருந்துவாழ் மலை.

அனுமன் சிந்திய துண்டு

இலங்கைப் போரில் இந்திரஜித்தின் பாணம் பட்டு இலட்சுமணன் மூர்ச்சையாகி விழுந்தான். அவனைப் பிழைக்க வைக்க மூலிகை வேண்டும். அனுமன் பறந்தான். மூலிகை எது என்று தேட நேரம் இல்லை. மலையையே பெயர்த்துத் தூக்கி வந்தான். அப்போது கீழே விழுந்த ஒரு துண்டுதான் இந்த மலை என்பது ஜனங்களின் நம்பிக்கை.

கதை எப்படி இருந்தாலும், மலையில் மூலிகைகள் இருப்பது உண்மை. வைத்தியர்கள் இங்கே பச்சிலை பறித்தார்கள். துறவிகள் குகைகளில் தங்கினார்கள். நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான் இருக்கிறது.

ஆனால் சாகாவரம் தரும் மூலிகை மட்டும் யார் கையிலும் சிக்கவில்லை.

சாவைக் கண்டு திரும்பியவர்

இதே மாவட்டத்தில் நெய்யூர் இருக்கிறது. அங்கே லண்டன் மிஷன் பாதிரிமார்கள் 1838இல் வைத்தியப் பணியைத் தொடங்கினார்கள். 1922இல் அந்த ஆஸ்பத்திரியைப் பார்க்க ஓர் ஆங்கில டாக்டர் வந்தார். பெயர் சோமர்வெல். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறச் சென்ற கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவு விழுந்து, சுமை தூக்கிய 7 பேர் மாண்டார்கள். அந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

நெய்யூரில் அவர் கண்டது என்ன? நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடந்தார்கள். ஆபரேஷன் செய்ய ஒரே ஒரு டாக்டர்! லண்டனில் நல்ல உத்தியோகம் காத்திருந்தது. சோமர்வெல் அதை வேண்டாம் என்று விட்டு, நெய்யூருக்கே வந்துவிட்டார்.

1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். சுமார் 28,000 அடி உயரம் ஏறினார். இன்னும் ஏறத்தாழ 1,000 அடி போனால் உச்சி! அதற்குமேல் முடியவில்லை. இறங்கும்போது, கடுங்குளிரில் வெந்துபோன தொண்டைச் சவ்வு பிய்ந்து மூச்சை அடைத்தது. முன்னால் போன தோழர் நார்ட்டனைக் கூப்பிடக் குரல் எழவில்லை. இனிப் பிழைப்பு இல்லை என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் ஓங்கி அமுக்கினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. மூச்சு திரும்பியது!

பிழைத்து வந்த அவர், நெய்யூரிலும் பிறகு வேலூரிலுமாக ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஏழைகளுக்குச் சிகிச்சை செய்தார். குடற்புண்ணால் துடித்தவர்கள் பலர் அவர் கையால் பிழைத்தார்கள். 1975இல், 84ஆம் வயதில் அவர் காலமானார்.

ஆயுள் கூடியது எப்படி?

நாடு விடுதலை அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வயதுதான். எல்லோரும் 32 வயதில் செத்தார்கள் என்று இதற்கு அர்த்தம் அல்ல. அந்த நாளிலும் 80 வயதுக் கிழவர்கள் இருந்தார்கள். ஆனால் எத்தனையோ பிள்ளைகள் தொட்டிலிலேயே மடிந்தன. தாய்மார்கள் பிரசவத்தில் மாண்டார்கள். வைசூரியும் வாந்திபேதியும் வாரிக்கொண்டு போயின.

இன்று சராசரி ஆயுள் சுமார் 70. இதைச் செய்தது மாய மூலிகை அல்ல. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், வயிறாரச் சோறு, ஆஸ்பத்திரிப் பிரசவம் இவைதான். வைசூரி இந்தியாவில் ஒழிந்துவிட்டது என்று 1977இல் அறிவித்தார்கள்.

சாவு வராமல் இருக்காது. ஆனால் அகாலத்தில் வரும் சாவைத் தடுக்கலாம். அனுமன் கொண்டுவந்ததும் சாகாவரம் அல்ல. சமயத்துக்கு ஒரு மருந்து.

நெஞ்சு வலித்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையானால், 'நாளை பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்!