தங்கவயல் வரை வந்த சோழர்களும் ‘இன்னும் ஒரே ஒரு டர்ன்’ ஆட்டமும்: தெரியுமா?

கம்ப்யூட்டர் விளையாட்டில் நீங்கள் சோழப் பேரரசை ஆளலாம், தெரியுமா? 2025 பிப்ரவரியில் வெளியான ‘சிவிலைசேஷன் 7’இல் சோழர்கள் தனி நாகரிகமாகவே இருக்கிறார்கள்! பேருக்கு ஒரு கொடியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை உலக அதிசயமாகக் கட்டலாம். ‘கலம்’ என்ற பெயரிலேயே போர்க்கப்பலைக் கடலில் இறக்கலாம். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடங்களை அருகருகே எழுப்பினால் அந்தப் பேட்டைக்கே ஐந்நூற்றுவர் பெயர் வந்துவிடுகிறது!

இவை கற்பனைப் பெயர்கள் இல்லை, நிஜ வணிகக் குழுக்களின் பெயர்கள். அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் கொல்லத்தின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கி.பி. 849லேயே இருக்கின்றன. ஐந்நூற்றுவர் சுமத்ராவின் பாருஸ் வரை போய் 1088இல் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தவர்கள். அவர்களுடைய வேர் எங்கே? கர்நாடகத்தின் ஐஹொளே!

சோழர்களைக் கையில் எடுக்கும் ஆட்டக்காரர்கள் கடற்கரையாகப் பார்த்துக் குடியேறி, வணிகத்தைப் பெருக்குவார்கள். ஆனால் நிஜச் சோழர்கள் கரையோடு நின்றுவிடவில்லை. மேட்டுநிலம் ஏறிக் கோலார் வரை வந்தார்கள். அன்று அதற்குக் குவளாலம் என்று பெயர். அந்த வட்டாரத்துக்கே ‘நிகரிலி சோழ மண்டலம்’ என்று தங்கள் விருதுப் பெயரைச் சூட்டினார்கள். கோலாரம்மா கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது கோலார் தங்கவயல். இந்த விளையாட்டின் விதிகள் ஒவ்வொன்றும் அந்த மண்ணில் எப்படி நடந்தேறின, எப்படி உடைந்தன என்று பார்த்தால் வியப்பு அடங்காது!

முதல் டர்னிலேயே, அதாவது முதல்முறை காய் நகர்த்தும்போதே, வரும் கேள்வி: ஊரை எங்கே அமைப்பது? சிவிலைசேஷன் தொடரின் ஆறாம் பாகத்தில் நன்னீர் ஓரம் என்றால் குடியிருப்பு மதிப்பு 5, கடலோரம் 3, தண்ணீரே இல்லாத இடம் என்றால் வெறும் 2. கைதேர்ந்தவர்கள் ஆறு தென்படும் வரை குடியேறிகளை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். தங்கவயல் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டினால் பாதிப்பேர் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் அது வறண்ட மேடு. ஆனால் 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனி அங்கேதான் இறங்கியது! வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கர்நாடகத்துக்குள் ஒரு தமிழ் நகரம் எழுந்தது. தண்ணீர் மட்டும் பாலாற்றின் பேதமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாக வந்தது.

மின்சாரக் கதை இதைவிடப் பெரிய அதிசயம். ஆறாம் பாகத்தின் ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கத்தில் ஒரு மின்நிலையம் 6 கட்டத் தூரத்துக்குத்தான் மின்சாரம் தரும். எந்த ஊரின் அருகில் கட்டுவது என்று ஆட்டக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 1902இல் மைசூர் சமஸ்தானம் என்ன செய்தது தெரியுமா? காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தாண்டி நேராகத் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தது! அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூரின் தெருவிளக்குகளுக்கு மின்சாரம் வர 1905 ஆயிற்று. தலைநகரங்கள் காத்திருக்கட்டும், முதலில் சுரங்கத்துக்குக் கொடு! எந்தத் தேர்ந்த ஆட்டக்காரரும் கைதட்டுகிற காய்நகர்த்தல் இது.

தங்கம் கிடைத்தபிறகு என்ன செய்ய வேண்டும்? ஐந்தாம் பாகத்தில் ஒரு தங்கச் சுரங்கம் பேரரசு முழுவதற்கும் 4 மகிழ்ச்சிப் புள்ளி கொடுக்கும். இரண்டாவது சுரங்கத்தால் மகிழ்ச்சி கூடாது. அதனால் அதைப் பக்கத்து அரசனிடம் விற்றுக் காசாக்குவதுதான் பழம் தின்று கொட்டை போட்டவர்களின் பாடம். தங்கவயல் சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்தது. ஆரம்பகாலத்தில் அது லண்டனுக்குத்தான் போனது. தோண்டியவர்களின் மகிழ்ச்சிக் கணக்கில் எத்தனை புள்ளி ஏறியது?

இங்கே என் மனம் நின்றுவிடுகிறது. ஆறாம் பாகத்தில் ‘பில்டர்’ என்றொரு தொழிலாளி உண்டு. குன்றுக் கட்டத்தில் அவரை நிறுத்திச் சுரங்கத்துக்கான பொத்தானை அழுத்தினால் வேலை உடனே முடிந்துவிடும். அவருக்கு மொத்தம் மூன்று வேலைகள்தான். மூன்றாவது முடிந்ததும் திரையிலிருந்து சட்டென்று காணாமல் போய்விடுவார். ஆட்டக்காரர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. தங்கவயலில் பாறை வெடிப்புகளில் மடிந்தவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் வந்து இருமி இருமிப் போனவர்களும் உண்டு. அவர்கள் திரை பொம்மைகள் அல்லர். 1930இல் விரல்ரேகைப் பதிவைத் திணித்தபோது, நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு வேலைநிறுத்தமே செய்தார்கள்!

ஆழம் எவ்வளவு தெரியுமா? தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது! அந்த ஆழத்தை விஞ்ஞானிகளும் பயன்படுத்திக்கொண்டார்கள். மேலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பாறை தடுத்துவிடுவதால், 1965இல் வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் தடயம் உலகில் முதன்முதலாகப் பிடிபட்ட இடங்களில் தங்கவயலும் ஒன்றாயிற்று. சுரங்கத்திலிருந்து அறிவியல் புள்ளி! 

 

ஏழாம் பாகம் வெளியானபோது ஆட்டக்காரர்களுக்குள் சூடான சண்டை கிளம்பியது. அப்போதைய விதிப்படி, காலம் மாறும்போது நாகரிகத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, சோழராக இருந்தவர் அடுத்த யுகத்தில் வேறொருவராக வேண்டியிருந்தது. பலருக்கு இது பிடிக்கவேயில்லை. பெரும்பாலானோர் கடைசிவரை ஆடாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இப்படி வைத்தோம் என்றார்கள் தயாரித்தவர்கள். என்னைக் கேட்டால், தங்கவயலுக்கு இந்த விதி அப்படியே பொருந்துகிறது. கங்கர், சோழர், மைசூர், வெள்ளைக்காரக் கம்பெனி, பிறகு பாரத் கோல்டு மைன்ஸ் என்று ஆள்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மண் அங்கேயே இருந்தது.

மூன்றாம் பாகத்தில் இரும்பும் எண்ணெயும் திடீரென்று தீர்ந்துபோகும். ஆட்டக்காரர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள்.  நிஜத்தில், தோண்டும் செலவு தங்கத்தின் விலையை விழுங்கியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை தேடி பெங்களூருக்கு ரயில் ஏறின.

ஆனால் ஆட்டம் முடியவில்லை! தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி மலைபோல் நிற்கிறது. அதற்குள் இன்னும் தங்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட 13 மேடுகளிலிருந்து அதை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இந்த முறை வேலை உள்ளூர்க்காரர்களுக்கே கிடைக்க வேண்டும்!