முத்திரை குத்தாதிருப்போம்



இயேசு நாசரேத்து ஊரைச் சேர்ந்தவர் என்று பிலிப்பு சொன்னதும், அந்த ஊரிலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நத்தனியேல் கேட்டதை யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் இயேசுவை இன்னும் பார்க்கவில்லை. ஊர்ப்பெயரே அவருக்குப் போதுமாக இருந்தது.

இதே மனப்போக்கு நம் தமிழ் மண்ணில் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒருவர் திருடினாரா என்று அது கேட்கவில்லை. எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்றே கேட்டது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மக்களுக்காக வாதாடியவர்களுள் ஒருவர், மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப். கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்த கிறிஸ்தவர். அரசு குற்றவாளிகளைக் கண்ட இடத்தில் அவர் மனிதர்களைக் கண்டார். அவர்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்தார்கள்.

சட்டம் போய்விட்டது. ஆனால் நம் மனத்தில் ஒரு ரேகைப் புத்தகம் இன்னும் இருக்கிறது. ‘அவன் குடிகாரன்’, ‘அந்தக் குடும்பமே அப்படித்தான்’ என்று அதில் எழுதி வைத்திருக்கிறோம்.

அப்படியானால் தவறைத் தவறு என்று சொல்லக்கூடாதா? சொல்லத்தான் வேண்டும். செயலை எடைபோடலாம், உள்ளத்தை அறிந்தவர் கடவுள் ஒருவரே. நாம் பள்ளியில் படித்த இலக்கணமே இதற்கு உதவும். வினைச்சொல் காலம் காட்டும். பெயர்ச்சொல் காலம் காட்டாது. ‘நேற்றுக் குடித்தார்’ என்றால் அது நேற்றோடு முடியலாம். நாளை அவர் திருந்தலாம். ‘குடிகாரர்’ என்று பெயர் வைத்துவிட்டால் அவருக்கு நாளை என்பதே இல்லை. மனமாற்றத்தின் கதவை நாமே அடைத்துவிடுகிறோம். பெயர் வைப்பது எளிது. ஒருவரை அறிந்துகொள்ள நேரமும் பொறுமையும் வேண்டும். அதனால்தான் இது கடினமாக இருக்கிறது.

பிலிப்பு நத்தனியேலோடு வாதாடவில்லை. வந்து பார்க்கச் சொன்னார். தம் ஊரை இழிவாகப் பேசியவரிடமும் கபடற்ற உள்ளத்தை இயேசு கண்டார். நம் இலஞ்சியில், நம் தெருவில், பட்டப்பெயரால் மட்டுமே நாம் அறிந்த ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்போம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.